குளோபுலினை யாரும் அளக்கவில்லை

பாரதி பூங்காவில் காலை நடை முடித்து நாங்கள் நாலைந்து பேர் உட்காருகிற சிமெண்ட் பெஞ்சில் சென்ற வியாழக்கிழமை ஒரு சின்னச் சண்டை. சண்டை போட்டவன் நான்தான். எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எண்பது டெஸ்ட் அடங்கிய பேக்கேஜ் ரத்தப் பரிசோதனை எடுத்து, பதினாலு பக்க ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். வழுவழுப்பான தாள். இருதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கலர் படத்தில். "பாருங்க, டோட்டல் புரோட்டீன் 8.7. நார்மலே 8.3 வரைக்கும்தான். இந்த வயசுல நமக்குச் சத்து கூடுதலாவே இருக்கு" என்றார். மற்றவர்கள் கை கொடுத்தார்கள். ஒருவர், என்ன பவுடர் சாப்பிடுறீங்க என்றுகூடக் கேட்டார்.

நான் ரிப்போர்ட்டை வாங்கி அதற்கு அடுத்த மூன்று வரிகளைப் பார்த்தேன். ஆல்புமின் 3.6. குளோபுலின் 5.1. ஏ/ஜி ரேஷியோ 0.71. பக்கத்தில் கொட்டை எழுத்து. அடியில், எல்லாப் பக்கத்திலும் அச்சாகிற அதே 'மருத்துவரை அணுகவும்'. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரலை உயர்த்தினேன், நண்பர் முகம் சுருங்கிவிட்டது. கோபம் அவர் மேல் இல்லை. அன்று பெஞ்சில் ஒழுங்காகச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 33 வருஷம் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். பள்ளியில் படித்த விஞ்ஞானமும் பிரெஞ்சில் படித்தது. ஆனால் என் அக்காவின் வியாதி காரணமாக இந்த நாலு வரி பற்றி, ஒரு குமாஸ்தா எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படித்துவிட்டேன்.

எங்கள் விஞ்ஞான முசே ஒரு நாள் வகுப்புக்கு ஒரு கோழிமுட்டை கொண்டு வந்தார். வெள்ளைக் கருவைத் தண்ணீரில் கரைத்து, சோடாக் காரம் விட்டு, இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டார். கத்தரிப்பூ நிறம் வந்தது. அடுத்து பாலில் செய்தார், அதே நிறம். ஊறவைத்த பயறு அரைத்த தண்ணீரில் செய்தார், அதே நிறம். "எல்லாம் புரொத்தேயின்" என்றார் முசே. எங்களுக்கு அது பெரிய ஆச்சரியம். முட்டையும் பாலும் பயறும் ஒன்றா!

பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சொல்லே பிரெஞ்சில்தான் முதலில் அச்சேறியது என்று. 1838இல் முல்டர் என்ற டச்சுக்காரர் எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையில். பெயரை யோசித்துக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்து பெர்செலியஸ். அவர் அதை எழுதிய கடிதமும் பிரெஞ்சில்தான். (நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.) ஆனால் முல்டர் ஒரு தவறு செய்தார். ரத்தத்தில், முட்டையில், பாலில் இருப்பதெல்லாம் அடிப்படையில் ஒரே பொருள், அதோடு ஒட்டியிருக்கிற கந்தகமும் பாஸ்பரமும்தான் கூடக்குறைய இருக்கின்றன என்று நினைத்தார். அது சரியில்லை என்று சில வருஷங்களிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் 'டோட்டல் புரோட்டீன்' என்ற ஒரே எண்ணைப் பார்த்து, சத்து கூட, சத்து குறைவு என்று பேசும்போது நாம் இன்னமும் முல்டர் காலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அது ஒரே பொருள் இல்லை என்பதை நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. கட்டியாகப் பிரிவது கேசீன். ஆறியபின் வடிகட்டினால் கீழே நிற்கிற பச்சைத் தண்ணீரிலும் புரதம் இருக்கிறது, அது வேறு புரதம். பாலின் புளிப்பு பி.எச். 4.6 அளவை எட்டும்போது கேசீன் துகள்களின் மின்னேற்றம் சரிக்குச் சரியாகி, ஒன்றையொன்று தள்ளுகிற சக்தி போய், சேர்ந்து படிந்துவிடுகிறது. மற்றதற்கு அந்த இடத்தில் அப்படி ஆவதில்லை. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. எந்தப் புளிப்பில் படியும், எவ்வளவு உப்பில் படியும், மின்சாரம் பாய்ச்சினால் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதெல்லாம் அதனதன் சுபாவம். அதை வைத்துப் பிரிப்பதுதான் ஆய்வுக்கூடத்தின் வேலை. பிரித்தால்தான் எது யார் என்று தெரியும்.

இப்போது நம் ரத்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். டோட்டல் புரோட்டீனை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? எங்கள் முசே செய்த அதே மயில்துத்தம், அதே காரம், அதே கத்தரிப்பூ நிறம். மெஷின் அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கிறது, அவ்வளவுதான். பயூரெட் முறை என்று பெயர். புரதச் சங்கிலியின் கண்ணிகளோடு தாமிரம் சேர்ந்து நிறம் தருகிறது, எந்தச் சங்கிலி என்று அதற்குத் தெரியாது. அடுத்து ஆல்புமின். அதற்கு ஒரு சாயம் இருக்கிறது, ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு பச்சையாக மாறும். அதையும் மெஷின் அளக்கிறது. மூன்றாவது, குளோபுலின். அதை எப்படி அளக்கிறார்கள்?

அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து ஆல்புமினைக் கழிக்கிறார்கள். 8.7இல் 3.6 போனால் 5.1. அதை ஒரு தனி டெஸ்ட் போலத் தனி வரியில் அச்சடித்துவிடுகிறார்கள். ஆல்புமினை அந்த 5.1ஆல் வகுத்து 0.71 என்று இன்னொரு வரி. எண்பது டெஸ்ட் என்கிறார்களே, அதில் இப்படிக் கூட்டிக் கழித்து வகுத்து வந்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும். மாதக் கணக்கு முடிக்கும்போது எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸில் போட்டு மொத்தத்தை டேலி பண்ணுவோம். தப்பில்லை. ஆனால் சஸ்பென்ஸில் தொகை மாதாமாதம் ஏறினால் ஆடிட் வந்து கழுத்தைப் பிடிக்கும். பிரி, வவுச்சர் வாரியாகப் பிரி, எந்தத் தலைப்பு என்று காட்டு என்பார்கள். மொத்தம் டேலி ஆகிறதே சார் என்று பதில் சொன்னால் மெமோதான் கிடைக்கும். குளோபுலின் என்பது நம் ரத்தத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் அதில்தான் இருக்கிறது. நுரையீரலைக் காக்கிற ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் அதில்தான். கிருமியோடு சண்டை போடுகிற ஆன்டிபாடிகள் அத்தனையும் அதில்தான். எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டி, மேலே ஒரு மொத்தத்தையும் எழுதினால் அது கணக்கா?

என் அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். 2015இல் மொத்தம் 8.4, ஆல்புமின் 3.8, கழித்து வந்தது 4.6. 2016இல் 9.1, 3.5, 5.6. 2017இல் 10.2, 3.1, 7.1. அதே மூன்று வருஷத்தில் ஹீமோகுளோபின் 10.8, 9.6, 8.1. முதுகுவலி என்று முதல் வருஷம் சொன்னாள். வயசு 71, எலும்புத் தேய்மானம் என்று கால்சியம் கொடுத்தார்கள். சோர்வு என்று அடுத்த வருஷம் சொன்னாள். ரத்த சோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் மெலிந்துவிட்டாள். சத்துப் போதவில்லை என்று டப்பா டப்பாவாக புரோட்டீன் பவுடர் எழுதிக்கொடுத்தார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10.2 கிராம் புரதம் நிற்கிற ஒரு கிழவிக்கு! அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ரிப்போர்ட்டுகளை வருஷ வாரியாக பஞ்ச் பண்ணி, டேக் போட்டு, ஃபைலில் வைத்தவன் நான். முப்பது வருஷம் எண்களைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். 4.6, 5.6, 7.1 என்று ஏறுகிற ஒரு வரி என் கண்ணில் படவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஹெச் எழுத்தைப் பார்த்து, கூடத்தானே இருக்கிறது, குறையவில்லையே என்று நானே அவளிடம் சொன்னேன். அதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசியில் கிரியேட்டினின் ஏறியபிறகு ஒரு சிறுநீரக டாக்டர், சின்ன வயசுப் பெண், மூன்று ரிப்போர்ட்டையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு டெஸ்ட் எழுதினார். சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரெசிஸ். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு.

அது என்ன என்று சொல்கிறேன், அதிகம் சிரமமில்லை. ரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு துளியை ஒரு ஜெல் பட்டையின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பி.எச். 8.6 அளவு காரத்தன்மையில் பெரும்பாலும் எல்லாப் புரதமும் எதிர்மின் ஏறி நேர்முனையைப் பார்த்து ஓடும். மின்னேற்றம் அதிகமும் உருவம் சிறியதுமான ஆல்புமின் முன்னால் ஓடிவிடும். அதன் பின்னே ஆல்ஃபா, பீட்டா. ஆன்டிபாடிகளான காமா, புறப்பட்ட இடத்துப் பக்கத்திலேயே மெத்தனமாக நிற்கும். பிறகு சாயத்தில் தோய்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளின் அடர்த்தியை ஒரு மெஷின் மலைத்தொடர் மாதிரிக் கோடாக வரைந்து கொடுக்கும். ஸ்வீடனில் உப்சாலாவில் டிசேலியுஸ் என்பவர் 1937இல் ரத்தப் புரதங்களை இப்படி மின்சாரத்தில் பிரித்துக் காட்டினார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற பெயர்களும் அவர் வைத்தவைதான். அவர் செய்தது ஜெல்லில் இல்லை, கண்ணாடிக் குழாயில், ஒரு அறையை அடைக்கிற இயந்திரத்தில். 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று அது நம் ஊர் லேபிலேயே நடக்கிற காரியம், சில இடங்களில் மெல்லிய நுண்குழாயில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குளோபுலின் 5.1 என்று இரண்டு பேருக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். பட்டையில் ஓட்டினால் ஒருவருக்குக் காமாப் பகுதி அகலமான மேடாக எழும். பல விதமான ஆன்டிபாடிகள் ஒரே சமயத்தில் பெருகியிருக்கின்றன, எங்கேயோ நாள்பட்ட தொற்றோ, கல்லீரல் கோளாறோ, மூட்டு அழற்சியோ இருக்கிறது என்று பொருள். இன்னொருவருக்கு அதே இடத்தில் ஊசி நட்ட மாதிரி, நம் மாதா கோயில் கூம்பு மாதிரி, ஒரே ஒரு முனை எழும். ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் பெருகி, ஒரே அச்சில் வார்த்த ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. அது எலும்பு மஜ்ஜையில் வரும் மல்ட்டிபிள் மைலோமாவாக இருக்கலாம். கழித்து எழுதின எண்ணுக்கு இந்த இருவரும் ஒன்றுதான். என் அக்காவுக்கு வந்தது கூம்பு.

இந்த வியாதிக்கும் புரதத்துக்கும் உள்ள உறவு புதுசாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1845இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீரை பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டரிடம் அனுப்பினார்கள். சூடாக்கினால் கலங்கியது, கொதித்தால் தெளிந்தது, ஆறினால் மறுபடி கலங்கியது. முட்டை வெள்ளைக்கரு அப்படிச் செய்யாதே, வெந்தால் வெந்ததுதானே! இது வேறு புரதம் என்று அந்த மனிதர் ஒரு விளக்கையும் சோதனைக் குழாயையும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொன்னார். நம்மிடம் ஒரு மணிக்கு நூற்றுக்கணக்கான டெஸ்ட் போடும் மெஷின் இருக்கிறது.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. பார்க்கிற கண் இல்லை என்பதுதான். 1963இல் ஸ்வீடனில் மால்மோவில் லாரெல் என்ற ஆய்வுக்கூட டாக்டர் இந்தப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுமார் 1,500 பட்டைகளில் ஐந்தில் மட்டும் ஆல்ஃபா-1 பட்டை காணோம் என்று கவனித்தார். தற்செயலென்று தள்ளிவிடவில்லை. எரிக்ஸன் என்ற இளைஞரோடு அந்த ஆட்களைத் தேடிப் போனார். மூன்று பேருக்குச் சிறு வயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது. அப்படித்தான் ஒரு பரம்பரை வியாதியே தெரியவந்தது. அந்த ஐந்து பேரின் டோட்டல் புரோட்டீனை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பட்டை மொத்தத்தில் ஒரு சிறு பங்கு.

பவுடர் டப்பாவுக்கும் ஒரு வார்த்தை. டப்பாவில் போட்டிருக்கும் புரத அளவும் பெரும்பாலும் நேரே புரதத்தை அளந்து வந்ததில்லை. 1883இல் கோபன்ஹேகன் நகரத்து கார்ல்ஸ்பர்க் மதுவாலை ஆய்வுக்கூடத்தில் கியெல்டால் கண்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறை கேட்காது. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் சரக்கைச் சேர்த்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். மொத்தம் டேலி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகளுக்கு நோய், ஆறு குழந்தைகள் செத்துப்போயின. பிரிக்காமல் மொத்தத்தை நம்பினால் திருடனுக்குக்கூட டேலி பண்ணத் தெரியும்.

இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் போய் எலெக்ட்ரோஃபோரெசிஸ் எடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது இன்னொரு முட்டாள்தனம். எழுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சிறிய கூம்பு ஒன்று இருக்கும் என்று அமெரிக்காவில் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்து ஜனங்களையே பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் அது வியாதியாக முற்றுகிறது. மற்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் வேறு காரணத்தில் போய்ச் சேருவார்கள். அவர்களையெல்லாம் பயமுறுத்தி என்ன லாபம்? பேக்கேஜ் விற்பவனுக்கு லாபம், எண்பதை எண்பத்தொன்றாக்குவான். நான் கேட்பது அதுவல்ல. குளோபுலின் வரி ஏறுகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, முதுகெலும்பில் விடாத வலி, காரணமில்லாமல் கிரியேட்டினின் ஏறுகிறது, இப்படிச் சேர்ந்து வந்தால் வயசாச்சு என்று சொல்லாமல் பிரித்துப் பாருங்கள் என்கிறேன். சிலருக்கு மொத்தம் சரியாகவே இருந்து சிறுநீரில் மட்டும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் போகும் என்றும் அந்தச் சிறுநீரக டாக்டர் சொன்னார். அதனால் பட்டையும் வேதவாக்கு இல்லை.

பிரான்சில் இருக்கிற என் மாமா மகன், சொல்தா வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் சோகை என்று அங்கே டாக்டரிடம் போனபோது வந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பியிருந்தான். அதில் கலர் கல்லீரல் படம் இல்லை. சாதாரணத் தாளில் அந்த மலைக்கோடு வரைந்து, கீழே உயிரியல் நிபுணர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார், கூம்பு எதுவும் தென்படவில்லை என்று. அந்த ஒரு வரிக்காக எங்கள் அக்கா மூன்று வருஷம் காத்திருந்தாள், காத்திருக்கிறோம் என்றே தெரியாமல். டயாலிசிஸில் ஒன்றரை வருஷம் இருந்து 2019இல் போய்விட்டாள். மிச்சமிருந்த பவுடர் டப்பாக்களில் இரண்டு இன்னமும் பிரிக்காமல் எங்கள் பரணில் கிடக்கின்றன.

சண்டைக்கு மறுநாள் பூங்காவுக்கு நண்பர் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்தார். கையில் ஒரு பழைய பை, அதில் முந்தைய இரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகள். பெஞ்சில் வரிசையாகப் பரப்பினோம். குளோபுலின் 3.4, 4.2, 5.1. ஹீமோகுளோபின் அதிகம் இறங்கவில்லை, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. பழைய காசநோய்த் தழும்பு நெஞ்சில் உண்டு என்று அப்போதுதான் சொன்னார். அகலமான மேடாகவே இருக்கலாம். திங்கட்கிழமை காலை டாக்டரிடம் போகிறோம். மூன்று வரியையும் ஒரே தாளில் வருஷ வாரியாக எழுதி, கலர் படத் தாள்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.